ஓஆர்எம் அட்டவணை உறவுகளும் அயல் திறவுகோல் பிழைகளும்

அயல் திறவுகோல் என்பது, ஓர் அட்டவணையில் உள்ள பதிவு இன்னோர் அட்டவணையின் எந்தப் பதிவைச் சார்ந்தது என்பதைக் குறிக்கும் புலம் ஆகும். நிரலாளர் பேச்சில் இது ஃபாரின் கீ என வழங்கும். பொருள்-உறவு இணைப்பு எனப்படும் ஓஆர்எம் கருவிகள், தரவுத்தள அட்டவணைகளை நிரல்மொழியின் இனக்குழுக்களாகவும் பதிவுகளைப் பொருள்களாகவும் மாற்றித் தருகின்றன. எஸ்கியூஎல் வினவல்களைக் கையால் எழுதும் வேலையை இவை குறைக்கின்றன. ஆனால் அட்டவணைகளுக்கு இடையிலான உறவைத் தவறாக வரையறுத்தால் அந்தத் தவற்றை இவை திருத்துவதில்லை. சில நேரங்களில் மறைத்தும் விடுகின்றன.

இத்தகைய பிழைகள் எவ்வாறு எழுகின்றன, அவற்றை எவ்வாறு கண்டறிந்து நீக்குவது என்பதை இக்கட்டுரை மதுரை மாவட்டத்தின் நிர்வாக, தேர்தல் பிரிவுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. ஓய்வூதியம், பட்டா, வாக்காளர் பட்டியல், குறைதீர் மனு என எந்தப் பயன்பாட்டிலும் ஒரு மனிதரின் பதிவு கடைசியில் ஓர் ஊரையும் ஒரு வட்டத்தையும் சார்ந்தே நிற்கிறது. அந்த இணைப்பு அறுந்தால் மனு தவறான அலுவலகத்திற்குப் போகும், அல்லது எந்தப் பட்டியலிலும் தோன்றாமலே போகும்.

## பின்னணி

உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். முதன்மைத் திறவுகோல், அயல் திறவுகோல் ஆகிய கருத்துகள் அந்தக் கட்டுரையிலேயே இடம்பெற்றன. உருபொருள்-உறவு வரைபட முறையைப் பீட்டர் சென் 1976-இல் முன்வைத்தார். பொருள்நோக்கு நிரலாக்கம் பரவிய பின், பொருள்களையும் அட்டவணைகளையும் இணைக்கும் கருவிகள் தேவைப்பட்டன. ஜாவாவில் ஹைபர்னேட் 2001-இலும், ரூபி ஆன் ரெயில்ஸின் ஆக்டிவ் ரெக்கார்டு 2004-இலும், பைத்தானில் ஜாங்கோ 2005-இலும், எஸ்கியூஎல்ஆல்கெமி 2006-இலும் வெளிவந்தன.

இவை அனைத்திலும் உறவு இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒன்று, நிரலில் உள்ள மாதிரி வரையறை. மற்றொன்று, தரவுத்தளத்தில் உள்ள கட்டுப்பாடு. இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கும்வரை சிக்கல் இல்லை. அயல் திறவுகோல் பிழைகளில் பல இவ்விரண்டும் விலகும் இடத்தில்தான் பிறக்கின்றன.

## எடுத்துக்காட்டுத் தரவு

மதுரை மாவட்டத்தில் 11 வட்டங்கள், 13 ஊராட்சி ஒன்றியங்கள், 10 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்புக்குப் பின், இந்த 10 தொகுதிகளும் மூன்று மக்களவைத் தொகுதிகளில் பிரிந்துள்ளன.

- மதுரை மக்களவைத் தொகுதி: மேலூர், மதுரை கிழக்கு, மதுரை வடக்கு, மதுரை தெற்கு, மதுரை மத்தி, மதுரை மேற்கு
- தேனி மக்களவைத் தொகுதி: சோழவந்தான், உசிலம்பட்டி
- விருதுநகர் மக்களவைத் தொகுதி: திருப்பரங்குன்றம், திருமங்கலம்

மாவட்டத்தின் எல்லையும் நிலையாக இருந்ததில்லை. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது மதுரையின் ஒரு பகுதி அதில் சேர்ந்தது. 1985-இல் திண்டுக்கல்லும், 1996-இல் தேனியும் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டங்கள் ஆயின.

## உறவு வகைகள்

ஒன்று-பல உறவு: ஒரு மாவட்டத்திற்குப் பல வட்டங்கள், ஒரு வட்டம் ஒரு நேரத்தில் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தது. அயல் திறவுகோல் எப்போதும் ‘பல’ பக்கத்தில், அதாவது வட்ட அட்டவணையில் வைக்கப்படும். மாவட்டம் தாய் அட்டவணை, வட்டம் சேய் அட்டவணை. தொடக்கநிலை மாணவர்கள் மாவட்ட அட்டவணையில் வட்டங்களின் எண்களைக் காற்புள்ளியிட்டு ஒரே புலத்தில் எழுதுவதுண்டு. அவ்வாறு எழுதினால் தரவுத்தளத்தால் எந்தக் கட்டுப்பாட்டையும் சரிபார்க்க இயலாது.

ஒன்று-ஒன்று உறவு: ஒரு பதவிக்காலத்தில் ஒரு மாநகராட்சி வார்டுக்கு ஒரு மாமன்ற உறுப்பினர். இதுவும் அயல் திறவுகோலே. கூடுதலாகத் தனித்தன்மைக் கட்டுப்பாடு ஒன்று சேர்கிறது. பதவிக்காலத்தைச் சேர்க்காமல் வார்டு எண்ணுக்கு மட்டும் தனித்தன்மை விதித்தால், அடுத்த தேர்தலுக்குப் பின் புதிய உறுப்பினரைப் பதிய முடியாது.

பல-பல உறவு: வட்டத்திற்கும் சட்டமன்றத் தொகுதிக்கும் உள்ள உறவு இவ்வகையைச் சேர்ந்தது. பேரையூர் வட்டத்தின் ஒரு பகுதி திருமங்கலம் தொகுதியிலும் மற்றொரு பகுதி உசிலம்பட்டித் தொகுதியிலும் உள்ளது. அதேநேரம் அவ்விரு தொகுதிகளும் வேறு வட்டங்களின் பகுதிகளையும் கொண்டுள்ளன. எனவே வட்ட அட்டவணையில் தொகுதி எண் என்ற ஒற்றைப் புலம் போதாது. இரண்டு அயல் திறவுகோல்களைக் கொண்ட இணைப்பு அட்டவணை தேவை.

## அடிக்கடி நேரும் பிழைகள்

### தாய்ப் பதிவு இல்லாத சேய்ப் பதிவு

மாவட்டத்தைப் பதியும் முன் வட்டத்தைப் பதிய முயன்றால் தரவுத்தளம் மறுக்கும். மைஎஸ்கியூஎல்லில் இது 1452 என்ற பிழை எண்ணுடன் வரும். போஸ்ட்கிரஸில் இதன் நிலைக்குறியீடு 23503. சேய்ப் பதிவுகள் இருக்கும்போது தாய்ப் பதிவை அழிக்க முயன்றால் மைஎஸ்கியூஎல் 1451 என்ற எண்ணைத் தரும். எண்ணைப் பார்த்தவுடன் சிக்கல் சேர்ப்பதிலா, அழிப்பதிலா என்று பிரித்துவிடலாம்.

ஹைபர்னேட்டில் இதே தவறு வேறு வடிவில் தெரியும். புதிய மாவட்டப் பொருளை உருவாக்கி, அதைச் சேமிக்காமல் வட்டப் பொருளுடன் இணைத்துச் சேமித்தால், ‘சேமிக்கப்படாத தற்காலிகப் பொருளைச் சுட்டுகிறது’ என்ற பொருளுடைய பிழை வரும். தாய்ப் பொருளை முதலில் சேமிப்பது, அல்லது சேமிப்புச் செயலைத் தாய்க்கும் கடத்தும்படி அமைப்பது தீர்வாகும்.

ஜாங்கோவும் போஸ்ட்கிரஸும் சேரும்போது ஒரு குழப்பம் உண்டு. ஜாங்கோ உருவாக்கும் அயல் திறவுகோல் கட்டுப்பாடு, பரிவர்த்தனை முடியும்போதுதான் சரிபார்க்கப்படுகிறது. ஆகவே பிழைச் செய்தி தவறு நடந்த வரியில் தோன்றாமல் கடைசியில் தோன்றும். பிழை காட்டும் வரியை மட்டும் நோக்காமல், அந்தப் பரிவர்த்தனைக்குள் நடந்த எல்லாச் சேமிப்புகளையும் பார்க்க வேண்டும்.

### தரவு வகைப் பொருத்தமின்மை

அயல் திறவுகோலும் அது சுட்டும் முதன்மைத் திறவுகோலும் ஒரே தரவு வகையில் இருக்க வேண்டும். ஒன்று சாதாரண முழு எண், மற்றொன்று பெரிய முழு எண் என்றிருந்தால்கூட மைஎஸ்கியூஎல் கட்டுப்பாட்டை உருவாக்க மறுக்கும். பழைய அட்டவணைகளுடன் புதிய ஓஆர்எம் மாதிரிகளை இணைக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது.

குறியீடுகளில் இது இன்னும் நுட்பமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு 33, ஜம்மு காஷ்மீரின் குறியீடு 01. விரிதாளில் திறந்து சேமித்தால் 01 என்பது 1 ஆகிவிடும். உரையாக 01 என்று வைத்திருக்கும் தாய் அட்டவணையுடன் அது பொருந்தாது. தமிழ்நாட்டுத் தரவை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை தெரியவே வராது.

### பெயரைத் திறவுகோலாக வைத்தல்

திருமங்கலம் என்பது ஒரு வட்டம், ஓர் ஊராட்சி ஒன்றியம், ஒரு நகராட்சி, ஒரு சட்டமன்றத் தொகுதி. நான்கின் எல்லைகளும் வெவ்வேறு. சென்னையிலும் திருமங்கலம் என்ற பகுதி உண்டு. பெயரை வைத்து இணைக்கும் வினவல், இவற்றில் எதை வேண்டுமானாலும் எதனுடனும் இணைத்துவிடும்.

பெயர்கள் மாறவும் செய்கின்றன. விருதுநகர் மாவட்டம் காமராஜர் மாவட்டம் என்றும், சிவகங்கை மாவட்டம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்றும் வழங்கின. தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து 1997-இல் நீக்கப்பட்டு, தலைநகரங்களின் பெயர்களே மாவட்டப் பெயர்கள் ஆயின. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றத் தமிழக அரசு ஆணையிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆங்கிலப் பெயரைத் திறவுகோலாகக் கொண்ட ஓர் அமைப்பு, அந்தச் சில நாட்களில் இருமுறை மாற வேண்டியிருந்திருக்கும்.

தமிழ் எழுத்துருவில் மற்றொரு சிக்கலும் உண்டு. கொட்டாம்பட்டி என்பதில் உள்ள ஒகர உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். சோழவந்தான் என்பதன் ஓகாரக் குறிக்கும் இது பொருந்தும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். கண்ணுக்கு ஒத்திருந்தும் இணையாத பெயர்கள் இருந்தால், முதலில் யூனிகோடு இயல்பாக்கம் செய்து பார்க்க வேண்டும்.

ஆகவே முதன்மைத் திறவுகோல் பொருளற்ற எண்ணாக இருப்பதே பாதுகாப்பானது. பெயர் மாறக்கூடிய ஒரு புலமாக மட்டும் இருக்க வேண்டும். பிற துறைகளுடன் தரவைப் பரிமாற, ஒன்றிய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு தரும் குறியீட்டைத் தனிப் புலமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

### உறவை ஊகித்து வருவித்தல்

‘உசிலம்பட்டி மதுரை மாவட்டத்தில் உள்ளது, ஆகவே அதன் மக்களவைத் தொகுதி மதுரை’ என்று நிரல் எழுதினால் அது தவறு. உசிலம்பட்டி தேனி மக்களவைத் தொகுதியில் உள்ளது. மாவட்டம் வழியாக மக்களவைத் தொகுதியைக் கண்டுபிடிக்கும் எந்த நிரலும், இம்மாவட்டத்தின் 10 தொகுதிகளில் நான்கிற்குத் தவறான விடை தரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது மற்ற பிழைகளைவிட ஆபத்தானது.

வருவாய் நிர்வாகமும் தேர்தல் பிரிவும் இரு வேறு படிநிலைகள். சட்டமன்றத் தொகுதி அட்டவணையில் மாவட்டத்திற்கு ஓர் அயல் திறவுகோலும், மக்களவைத் தொகுதிக்கு மற்றோர் அயல் திறவுகோலும் தனித்தனியே இருக்க வேண்டும். மக்களவைத் தொகுதி அட்டவணையில் மாவட்டப் புலம் இருக்கக் கூடாது. ஏனெனில் தேனி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இரண்டு மாவட்டங்களில் உள்ளன. மாதிரியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மதுரை மாவட்டத்தின் தொகுதிகளை எண்ணினால் 10, மதுரை மக்களவைத் தொகுதியின் தொகுதிகளை எண்ணினால் 6 என வர வேண்டும். இரண்டும் ஒரே எண்ணைத் தந்தால் உறவு தவறாக வரையப்பட்டுள்ளது.

### ஒரே அட்டவணைக்கு இரண்டு உறவுகள்

வட்ட அட்டவணையில் தற்போதைய மாவட்டம், முந்தைய மாவட்டம் என இரண்டு அயல் திறவுகோல்கள் வைத்தால், இரண்டும் மாவட்ட அட்டவணையையே சுட்டும். மாவட்டத்திலிருந்து வட்டங்களைக் கேட்கும்போது எந்தப் புலத்தைப் பின்பற்றுவது என்று கருவிக்குத் தெரியாது. எஸ்கியூஎல்ஆல்கெமி, அயல் திறவுகோல் தெளிவற்றது என்ற பிழையைத் தரும். உறவை வரையறுக்கும் இடத்தில் எந்தப் புலம் என்று குறிப்பிட்டால் அது தீரும். ஜாங்கோவில் பின்னோக்கிய பெயர்கள் மோதுகின்றன என்ற பிழை வரும். ஒவ்வோர் உறவுக்கும் ரிலேட்டட் நேம் என்னும் தனிப் பின்னோக்குப் பெயர் தர வேண்டும்.

### பெருகும் கூட்டல்

மாவட்டத்தை வட்டங்களுடனும் தொகுதிகளுடனும் ஒரே வினவலில் இணைத்தால், 11 வட்டங்களும் 10 தொகுதிகளும் ஒன்றோடொன்று பெருகி 110 வரிகள் கிடைக்கும். ஊராட்சி ஒன்றியங்களையும் சேர்த்தால் 1,430 ஆகும். அந்நிலையில் வட்டங்களின் மக்கள்தொகையைக் கூட்டினால், விடை பல மடங்கு மிகுந்து வரும். ஜாங்கோவில் ஒரே வினவலில் இரண்டு உறவுகளை எண்ணும்போது இது நேரும். எண்ணிக்கைக்கு டிஸ்டிங்ட் என்ற குறிப்பைச் சேர்க்கலாம். கூட்டுத்தொகைக்கு அது உதவாது; உள்வினவலாகப் பிரித்தே எழுத வேண்டும்.

### தேவைக்கு மிஞ்சிய வினவல்கள்

10 தொகுதிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் மக்களவைத் தொகுதிப் பெயரையும் காட்டினால், ஜாங்கோ இயல்பாக 1 + 10 = 11 வினவல்களை அனுப்பும். ஹைபர்னேட்டும் எஸ்கியூஎல்ஆல்கெமியும் ஒரே அமர்வில் ஏற்கெனவே படித்த பொருளை நினைவில் வைப்பதால், மூன்று மக்களவைத் தொகுதிகளுக்கு மூன்று வினவல்கள் கூடுதலாக அனுப்பும். பதிவுகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது பக்கம் மெதுவாகும். ஒன்று-பல உறவில் சேயிலிருந்து தாய்க்குச் செல்ல ஜாங்கோவின் செலக்ட் ரிலேட்டட், தாயிலிருந்து சேய்களுக்குச் செல்ல ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் ஆகியவை இதைத் தீர்க்கின்றன.

## மாவட்டப் பிரிப்பும் அழித்தல் விதிகளும்

தாய்ப் பதிவை அழித்தால் சேய்ப் பதிவுகளுக்கு என்ன நேர வேண்டும் என்பதை அயல் திறவுகோலின் அழித்தல் விதி முடிவுசெய்கிறது. தொடர் அழிப்பு, தடுத்தல், வெற்றாக்குதல் ஆகியவை முதன்மையான மூன்று. 2017 டிசம்பரில் வெளிவந்த ஜாங்கோ 2.0 பதிப்பு முதல் இவ்விதியை வெளிப்படையாக எழுதுவது கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன் எதுவும் எழுதாவிட்டால் தொடர் அழிப்பே நடக்கும்.

1996-இல் நடந்ததுபோல் ஒரு மாவட்டம் பிரிவதைத் தரவுத்தளத்தில் பதிய இரண்டு வழிகள் உள்ளன. பழைய வட்டங்களை மதுரையிலிருந்து அழித்து, தேனியின்கீழ் மீண்டும் உருவாக்குவது ஒரு வழி. தொடர் அழிப்பு விதி இருந்தால், பெரியகுளம் வட்டப் பதிவை அழிக்கும் கணத்திலேயே அதன் ஊர்களும், அவ்வூர்களின் பயனாளிகளும், அவர்களின் மனுக்களும் சேர்ந்து அழியும். மீண்டும் உருவாக்கும் வட்டம் புதிய எண்ணைப் பெறும். பழைய எண்ணை வைத்திருக்கும் பிற துறைகளின் தரவு அனாதையாகும்.

சரியான வழி, தேனி என்ற புதிய மாவட்டப் பதிவைச் சேர்த்து, அந்தந்த வட்டங்களின் மாவட்டப் புலத்தை மட்டும் மாற்றுவது. வட்டத்தின் முதன்மைத் திறவுகோல் மாறாததால் அதன்கீழ் உள்ள எதுவும் அசையாது. இத்தகைய அட்டவணைகளுக்குத் தடுத்தல் விதியே உகந்தது. தொடர் அழிப்பு, தாய் இல்லாமல் பொருளே இல்லாத பதிவுகளுக்கு மட்டும் ஏற்றது.

வரலாற்றுத் தரவுக்கு இதுவும் போதாது. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது அப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. இரண்டு கூற்றுகளும் தத்தம் காலத்தில் சரியே. வட்டத்தின் மாவட்டப் புலத்தை மாற்றியவுடன், 1959-ஆம் ஆண்டு அறிக்கையும் தேனி என்று காட்டத் தொடங்கும். இதைத் தவிர்க்க வட்டம், மாவட்டம், தொடக்க நாள், முடிவு நாள் ஆகிய புலங்களைக் கொண்ட இணைப்பு அட்டவணை தேவை.

மதுரை மாநகராட்சியின் வார்டுகளும் இவ்வாறே. 2011-இல் மாநகராட்சி விரிவாக்கப்பட்டு, 72 வார்டுகள் 100 ஆயின. பழைய 50-ஆவது வார்டும் புதிய 50-ஆவது வார்டும் ஒன்றல்ல. வார்டு எண்ணை மட்டும் திறவுகோலாகக் கொண்டால், பழைய சொத்துவரிப் பதிவுகள் பிழைச் செய்தி ஏதுமின்றிப் புதிய தெருக்களுடன் இணையும்.

## கட்டுப்பாடு இருப்பதுபோல் தோன்றுதல்

நிரலில் அயல் திறவுகோல் எழுதப்பட்டிருந்தாலும், தரவுத்தளம் அதைச் செயல்படுத்தாமல் இருக்கலாம். எஸ்கியூலைட் 2009 முதல் கட்டுப்பாட்டைச் செயல்படுத்தும் வசதியைக் கொண்டுள்ளது. ஆனால் ஒவ்வோர் இணைப்பிலும் அதை இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்தே இருக்கும். மைஎஸ்கியூஎல்லின் மைஐசாம் சேமிப்பு முறை, அயல் திறவுகோல் வரையறையை ஏற்றுக்கொண்டு புறக்கணித்துவிடும். இன்னோடிபி முறையில்தான் அது செயல்படும். பழைய கணினியிலிருந்து கொண்டுவந்த தரவில் அனாதைப் பதிவுகள் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தாய்ப் பதிவை அழிப்பது மிக மெதுவாக நடந்தால் சுட்டு வரிசை உள்ளதா என்று பார்க்க வேண்டும். இண்டெக்ஸ் எனப்படும் இதை இன்னோடிபியும் ஜாங்கோவும் அயல் திறவுகோலுக்குத் தாமாகவே அமைக்கின்றன. போஸ்ட்கிரஸ் அமைப்பதில்லை.

## கண்டறியும் ஒழுங்கு

1. பிழைச் செய்தியில் உள்ள கட்டுப்பாட்டின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, எந்த இரு அட்டவணைகள், எந்தப் புலம் என்பதை உறுதிசெய்தல்.
2. ஓஆர்எம் அனுப்பும் எஸ்கியூஎல் வினவலைப் பதிவேட்டில் பார்த்தல். நிரலைப் படித்து ஊகிப்பதைவிட இது விரைவானது.
3. தரவுத்தளத்தின் உண்மையான அட்டவணை அமைப்பை மாதிரி வரையறையுடன் ஒப்பிடுதல். செயல்படுத்தாத மைக்ரேஷன் உள்ளதா எனப் பார்த்தல்.
4. இரு புலங்களின் தரவு வகையையும், உரையாக இருந்தால் அதன் யூனிகோடு வடிவத்தையும் ஒப்பிடுதல்.
5. சேய் அட்டவணையை இடப்பக்கமாக வைத்து லெஃப்ட் ஜாயின் செய்து, அயல் திறவுகோலில் மதிப்பு இருந்தும் தாய்ப் பக்கம் வெற்றாக வரும் பதிவுகளைப் பட்டியலிடுதல். இவையே அனாதைப் பதிவுகள்.
6. அனாதைப் பதிவுகளை அழிக்காமல் தனியே எடுத்துவைத்து, உரிய தாய்ப் பதிவைக் கண்டுபிடித்து இணைத்தல்.
7. அதன் பிறகே கட்டுப்பாட்டைச் சேர்த்தல். போஸ்ட்கிரஸில் பெரிய அட்டவணைகளுக்குச் சரிபார்க்காத நிலையில் கட்டுப்பாட்டை முதலில் சேர்த்து, பின்னர் தனியே சரிபார்க்கலாம். புதிய தவறுகள் உடனே நிற்கும். பழையவற்றைப் பொறுமையாகத் திருத்தலாம்.

பிழையை உடனே நீக்க, கட்டுப்பாட்டையே தற்காலிகமாக அணைத்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. மைஎஸ்கியூஎல்லில் அவ்வாறு அணைத்து ஏற்றிய தரவு, மீண்டும் இயக்கும்போது சரிபார்க்கப்படுவதில்லை. அப்போது உள்ளே நுழைந்த தவறான பதிவு, ஒருவரின் மனுவை யாரேனும் தேடும் நாள்வரை வெளியே தெரியாது.